லத்தீனில் ஒப்பீட்டு வினையடைகளை அமைப்பது எப்படி?

தமிழில் ‘வேகமாக ஓடினான்’ என்பதையும் ‘அவனைவிட வேகமாக ஓடினான்’ என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ‘வேகமாக’ என்ற வினையடையில் எந்த மாற்றமும் இல்லை என்பது தெரியும். ஒப்பீட்டின் சுமையை ‘விட’, ‘காட்டிலும்’, ‘இன்னும்’ போன்ற சொற்களே சுமக்கின்றன. லத்தீனில் அந்த வினையடையே உருமாறுகிறது. ‘கெலெரிதெர்’ என்றால் வேகமாக. ‘கெலெரியுஸ்’ என்றால் மேலும் வேகமாக. ‘கெலெர்ரிமே’ என்றால் மிக மிக வேகமாக. இவற்றை முறையே இயல்புநிலை, ஒப்பீட்டு நிலை, உச்சநிலை என்று அழைக்கலாம். நடுவில் நிற்கும் ஒப்பீட்டு நிலையை அமைப்பதற்கு ஒரே ஒரு விகுதியை அறிந்திருந்தால் போதும். ஆனால் படிக்கும் வாக்கியத்தில் அந்த வடிவத்தை அடையாளம் காண்பது அத்தனை எளிதன்று. கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான் என்பதால், கட்டுரையின் பின்பகுதியில் அதற்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

லத்தீன் சொற்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே, செவ்வியல் காலத்து உச்சரிப்பை ஒட்டித் தருகிறேன். குறில் நெடில் வேறுபாட்டில் தமிழ் எழுத்து நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. ரோமானியர்கள் பொதுவாக எழுத்தில் காட்டாத எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை நம் எழுத்து தானாகவே காட்டிவிடுகிறது. ஆனால் வல்லின மெல்லொலிகளை அது பிரித்துக் காட்டாது. ஆகவே ‘க’, ‘த’, ‘ப’ ஆகிய ஒவ்வொன்றும் லத்தீனின் இரண்டு ஒலிகளுக்கு நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அகராதியில் சரியான எழுத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வினையடையிலிருந்து அல்ல, பெயரடையிலிருந்து தொடங்குங்கள்

ஒப்பீட்டு வினையடையை இயல்புநிலை வினையடையிலிருந்து உருவாக்க முயல்வதே தொடக்கத்தில் நேரும் முதன்மையான பிழை. ‘ஃபொர்திதெர்’ (துணிவாக) என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் விகுதியை ஒட்டினால் ‘ஃபொர்திதெரியுஸ்’ என்று, லத்தீனில் எங்கும் இல்லாத ஒரு சொல் கிடைக்கும். சரியான வழி, அந்த வினையடைக்கு மூலமான பெயரடைக்குத் திரும்பிச் செல்வதாகும். ‘ஃபொர்திஸ்’ என்பது துணிவுள்ள என்று பொருள்படும் பெயரடை. அதன் ஆறாம் வேற்றுமை ஒருமை வடிவமும் ‘ஃபொர்திஸ்’ தான். அதிலிருந்து வேற்றுமை விகுதியான ‘இஸ்’ என்பதை நீக்கினால் ‘ஃபொர்த்’ என்ற பகுதி எஞ்சும். அத்துடன் ‘இயுஸ்’ என்ற விகுதியைச் சேர்த்தால் ‘ஃபொர்தியுஸ்’. மெய்யின்மேல் உயிர் வந்து ஏறும் நம் புணர்ச்சியைப் போலவே இது இயல்பாக நடந்துவிடுகிறது.

ஆறாம் வேற்றுமை ‘ஈ’ என்று முடியும் பெயரடைகளுக்கும் இதே வழிதான். ‘அல்துஸ்’ என்றால் உயர்ந்த அல்லது ஆழமான, ஆறாம் வேற்றுமை ‘அல்தீ’, பகுதி ‘அல்த்’, ஒப்பீட்டு வினையடை ‘அல்தியுஸ்’. இயல்புநிலையில் இதன் வினையடை ‘அல்தே’ என்று ஏகாரத்தில் முடிகிறது. ‘ஃபொர்திஸ்’ வகையின் வினையடையோ ‘இதெர்’ என்று முடிகிறது. இயல்புநிலையில் இப்படிப் பிரிந்து நிற்கும் இரண்டு குடும்பங்களும் ஒப்பீட்டு நிலையில் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. ஒலிம்பிக் இயக்கத்தின் முழக்கமான ‘கிதியுஸ், அல்தியுஸ், ஃபொர்தியுஸ்’ என்பதில் இருப்பவை மூன்றும் ஒப்பீட்டு வினையடைகளே: மேலும் விரைவாக, மேலும் உயரமாக, மேலும் வலிமையாக. இவற்றின் இயல்புநிலை வடிவங்களைத் தேடினால் ‘கிதொ’, ‘அல்தே’, ‘ஃபொர்திதெர்’ என மூன்று வெவ்வேறு முடிவுகள் கிடைக்கும். ஒப்பீட்டு நிலையிலோ மூன்றுக்கும் ஒரே முடிவு. 2021-இல் அந்த முழக்கத்தின் இறுதியில் ‘கொம்மூனிதெர்’ (ஒன்றிணைந்து) என்ற சொல் சேர்க்கப்பட்டது. அது இயல்புநிலை வினையடை என்பதால் அதன் முடிவு மற்ற மூன்றிலிருந்தும் விலகி நிற்கிறது. அந்த நான்கு சொற்களை மனத்தில் பதித்துக்கொண்டால் இந்தப் பாடத்தின் எலும்புக்கூடு கையில் இருப்பதாகக் கொள்ளலாம்.

இந்த விகுதி வேறெங்கிருந்தும் வரவில்லை. ஒப்பீட்டு நிலைப் பெயரடை, ஆண்பாலிலும் பெண்பாலிலும் ‘அல்தியொர்’ என்றும், நடுப்பாலில் ‘அல்தியுஸ்’ என்றும் வரும். நாம் நாள்தோறும் சொல்லும் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ இரண்டும் இந்த ‘இயொர்’ விகுதி ஏறிய லத்தீன் ஒப்பீட்டுப் பெயரடைகளின் வழியில் வந்தவை. நடுப்பால் ஒருமையின் இரண்டாம் வேற்றுமை வடிவத்தையே லத்தீன் எடுத்து வினையடையாகப் பயன்படுத்துகிறது. எனவே ஒப்பீட்டுப் பெயரடையைத் திரிக்கத் தெரிந்தவருக்குப் புதிதாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. பெயரடைக்கு வேற்றுமைத் திரிபுகள் உண்டு, வினையடைக்கு இல்லை என்பது மட்டுமே வேறுபாடு: பெயரடை ‘அல்தியோரிஸ்’, ‘அல்தியோர’ என்றெல்லாம் மாறும், வினையடை எப்போதும் ‘அல்தியுஸ்’ மட்டுமே. வடமொழியில் மேலானது என்று பொருள்படும் ‘ச்ரேயஸ்’ என்ற சொல்லின் ‘யஸ்’ விகுதியும் லத்தீனின் இந்த ‘இயுஸ்’ விகுதியும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதை, வடமொழிப் பயிற்சி உள்ளவர்கள் நினைவுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் வேற்றுமையைக் கேட்காமல் பகுதியை முடிவு செய்யாதீர்கள்

முதல் வேற்றுமை வடிவத்தை மட்டும் பார்த்துப் பகுதியை ஊகித்தால் சில பெயரடைகள் ஏமாற்றிவிடும். ‘எர்’ என்று முடியும் சொற்கள் இதில் முதலிடம் பெறுகின்றன. ‘புல்கெர்’ (அழகான) என்பதன் ஆறாம் வேற்றுமை ‘புல்க்ரீ’. நடுவில் இருந்த எகரம் மறைந்துவிட்டது. எனவே ஒப்பீட்டு வினையடை ‘புல்க்ரியுஸ்’. ‘மிஸெர்’ (பரிதாபமான) என்பதன் ஆறாம் வேற்றுமையோ ‘மிஸெரீ’. அங்கே எகரம் நிலைத்திருப்பதால் ‘மிஸெரியுஸ்’ என்று அமையும். ‘ஆகெர்’ (கூர்மையான, கடுமையான), ‘ஆக்ரிஸ்’ என்று திரிவதால் ‘ஆக்ரியுஸ்’. ‘கெலெர்’, ‘கெலெரிஸ்’ என்று திரிவதால் ‘கெலெரியுஸ்’. எகரம் எங்கே மறையும், எங்கே நிற்கும் என்பதற்கு வெளிப்படையான விதி கிடையாது; அகராதியில் பெயரடையின் மற்ற வடிவங்களையும் சேர்த்துக் கற்பதே ஒரே வழி.

உச்சநிலையில் இவ்வகைச் சொற்கள் வேறு பாதையில் செல்கின்றன என்பதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன். ‘புல்கெர்ரிமே’, ‘ஆகெர்ரிமே’ என்று உச்சநிலை முதல் வேற்றுமை வடிவத்தின்மீது கட்டப்படுகிறது. ஒப்பீட்டு நிலை ஆறாம் வேற்றுமைப் பகுதியின்மீது கட்டப்படுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்பவர்கள் ‘புல்கெரியுஸ்’ என்று எழுதிவிடுவது இதனால்தான்.

அடுத்து, ‘ன்ஸ்’ என்றும் ‘க்ஸ்’ என்றும் முடிபவை. ‘ப்ரூதேன்ஸ்’ (விவேகமுள்ள), ஆறாம் வேற்றுமையில் ‘ப்ரூதென்திஸ்’. ஒப்பீட்டு வினையடை ‘ப்ரூதென்தியுஸ்’. ‘ஸபியேன்ஸ்’ (அறிவுள்ள), அதே முறையில் ‘ஸபியென்தியுஸ்’. ‘ஃபேலீக்ஸ்’ (நற்பேறுள்ள), ‘ஃபேலீகிஸ்’ என்று திரிந்து ‘ஃபேலீகியுஸ்’ ஆகிறது. ‘ஔதாக்ஸ்’ (துணிச்சலான) என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: அதன் இயல்புநிலை வினையடை பெரும்பாலும் ‘ஔதாக்தெர்’ என்று சுருங்கி வருகிறது. அதைப் பார்த்து ‘ஔதாக்தியுஸ்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் பெயரடையின் ஆறாம் வேற்றுமை ‘ஔதாகிஸ்’ என்பதால் சரியான வடிவம் ‘ஔதாகியுஸ்’. வினையடையை விட்டுவிட்டுப் பெயரடைக்குச் செல்ல வேண்டும் என்று மேலே வலியுறுத்தியதன் பயன் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஓகாரத்தில் முடியும் சில வினையடைகளும் பொதுவழியிலிருந்து விலகுவதில்லை: ‘தூதோ’ (பாதுகாப்பாக) ‘தூதியுஸ்’ ஆகும், ‘ராரோ’ (அரிதாக) ‘ராரியுஸ்’ ஆகும், ‘ஸேரோ’ (தாமதமாக) ‘ஸேரியுஸ்’ ஆகும். ‘ஃபகிலெ’ (எளிதாக) என்பது ‘ஃபகிலியுஸ்’ ஆகிறது. இயல்புநிலையிலேயே ‘ஃபகிலெ’ என்பது நடுப்பால் ஒருமை வடிவம்தான் என்பது சுவையான செய்தி. நடுப்பாலை வினையடையாக்கும் பழக்கம் ஒப்பீட்டு நிலைக்கு மட்டும் உரியதன்று.

விகுதிக்கு முன்னால் உயிரெழுத்து வந்தால்

பகுதி உயிரெழுத்தில் முடியும் பெயரடைகளோடு ‘இயுஸ்’ சேர்ந்தால் உயிர்கள் அடுக்கிக்கொண்டு ஒலி முரண்படும். ‘பியுஸ்’ (பக்தியுள்ள) என்பதன் பகுதி ‘பி’; அதனுடன் விகுதியைச் சேர்ப்பதை லத்தீன் தவிர்க்கிறது. அதற்குப் பதிலாக ‘மகிஸ்’ (மேலும்) என்ற தனிச்சொல்லை இயல்புநிலை வினையடைக்கு முன்னால் வைத்து ‘மகிஸ் பியே’ என்று சொல்கிறது. தமிழர்களுக்கு இந்த முறை பழகிய முறையாகத் தோன்றும்; ஆனால் அந்த வசதியை நம்பி ‘மகிஸ் ஃபொர்திதெர்’ என்று எல்லா இடத்திலும் எழுதத் தொடங்கினால் உரைநடை அயலாருடையது போல ஒலிக்கும். ‘மகிஸ் ஃபொர்தியுஸ்’ என்று இரட்டை ஒப்பீடாக எழுதுவது இன்னும் தவறு. ‘க்வ’ என்ற ஒலிக்கூட்டில் வரும் உகரச் சாயலை உயிரெழுத்தாகக் கணக்கிடக்கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும்: ‘ஐக்வுஸ்’ (சமமான, நியாயமான) என்பது வழக்கம்போல ‘ஐக்வியுஸ்’ என்றே ஆகும்.

ஒருகாலத்தில் விதிவிலக்காக இருந்த இந்தத் தனிச்சொல் முறைதான் பிற்காலத்தில் வென்றது. ஸ்பானிய மொழியின் ‘மாஸ்’ லத்தீனின் ‘மகிஸ்’ என்பதிலிருந்தும், இத்தாலிய மொழியின் ‘பியூ’ லத்தீனின் ‘ப்ளூஸ்’ என்பதிலிருந்தும் வந்தவை. அம்மொழிகளில் ‘இயுஸ்’ விகுதி ஆக்கமுள்ள விகுதியாக நிலைக்கவில்லை.

ஒழுங்கற்றவை: இங்கே பொருள்தான் முக்கியம்

அதிகம் புழங்கும் சொற்களே அதிகம் தேயும் என்பதற்கு லத்தீனும் விலக்கன்று. ‘பெனெ’ (நன்றாக) என்பதன் ஒப்பீட்டு நிலை ‘மெலியுஸ்’, உச்சநிலை ‘ஒப்திமே’. ‘மலெ’ (மோசமாக) என்பதற்கு ‘பெய்யுஸ்’, ‘பெஸ்ஸிமே’. ‘முல்தும்’ (மிகுதியாக) என்பதற்கு ‘ப்ளூஸ்’, ‘ப்ளூரிமும்’. ‘பரும்’ (போதாமல், குறைவாக) என்பதற்கு ‘மினுஸ்’, ‘மினிமே’. ‘மக்னொபெரெ’ (பெரிதும்) என்பதற்கு ‘மகிஸ்’, ‘மக்ஸிமே’. ‘ப்ரொபெ’ (அருகில்) என்பதற்கு ‘ப்ரொபியுஸ்’, ‘ப்ரொக்ஸிமே’. பெயரடை இல்லாமலே வினையடையாக நிற்கும் ‘தியூ’ (நெடுநேரம்) ‘தியூதியுஸ்’ என்றும், ‘ஸைபெ’ (அடிக்கடி) ‘ஸைபியுஸ்’ என்றும் ஆகின்றன. கணக்குப் பாடத்தில் நாம் சொல்லும் ‘ப்ளஸ்’, ‘மைனஸ்’ இரண்டும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் காணலாம். முதல் சொல்லின் பொருள் ‘மேலும் அதிகமாக’, இரண்டாவதன் பொருள் ‘மேலும் குறைவாக’.

வடிவங்களை மனப்பாடம் செய்வது ஒரு மாலைப்பொழுதின் வேலை. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்பதற்கோ பொறுமை வேண்டும். தமிழில் ‘அதிகமாக’ என்ற ஒரே சொல் எத்தனையோ பொருள்களை ஏற்றுக்கொள்கிறது: அதிகமாகக் குடித்தான், அதிகமாக அஞ்சினான், அதிகமாகத் தங்கினான், அதிகமாக வந்து போனான். லத்தீனில் இந்த நான்குக்கும் நான்கு வெவ்வேறு ஒப்பீட்டு வினையடைகள் தேவைப்படும். அளவு அதிகமானால் ‘ப்ளூஸ்’. உணர்ச்சியின் அல்லது பண்பின் தீவிரம் அதிகமானால் ‘மகிஸ்’. காலநீட்சி அதிகமானால் ‘தியூதியுஸ்’. தடவைகள் அதிகமானால் ‘ஸைபியுஸ்’. ஆகவே ‘ப்ளூஸ் பிபித்’ என்றால் அதிக அளவு குடிக்கிறான். ‘மகிஸ் திமெத்’ என்றால் கூடுதலாக அஞ்சுகிறான். இந்த எல்லைக்கோடு எப்போதும் கறாராக இருப்பதில்லை. நேசிப்பதைக் குறிக்கும் வினைகளோடு ‘ப்ளூஸ்’, ‘மகிஸ்’ இரண்டும் வருவதுண்டு. இருந்தாலும், எழுதப் பழகுபவர் இந்தப் பிரிவினையைப் பின்பற்றினால் பெரும்பாலும் தவறு நேராது.

இவற்றோடு இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘பொதியுஸ்’ என்பது தேர்வைக் காட்டும்: இதைச் செய்வதைவிட அதையே செய்வது என்ற பொருளில் வரும். ‘பொதியுஸ் ஸேரோ க்வம் நும்க்வம்’ என்ற தொடருக்கு, ஒருபோதும் இல்லை என்பதைவிடத் தாமதமாகவேனும் ஆகட்டும் என்று பொருள். இங்கே ‘ஸேரோ’ இயல்புநிலையிலேயே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒப்பீட்டைச் சுமப்பது ‘பொதியுஸ்’ மட்டுமே. ‘அம்ப்ளியுஸ்’ என்பது நீட்சியையும் எண்ணிக்கையையும் குறிக்கும். அதன் தனி வழக்கத்தைப் பின்னர் பார்க்கலாம்.

குறைவான ஒப்பீட்டுக்கு லத்தீனில் விகுதி கிடையாது. ‘அவனளவுக்குத் துணிவாக இல்லாமல்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘மினுஸ் ஃபொர்திதெர்’ என்று, ‘மினுஸ்’ என்பதை இயல்புநிலை வினையடைக்கு முன்னால் வைக்க வேண்டும். இங்கே மட்டும் தனிச்சொல் முறையே விதி.

இடத்தையும் நேரத்தையும் வெறுமனே சுட்டும் ‘இபி’ (அங்கே), ‘ஹொதியே’ (இன்று) போன்ற வினையடைகளுக்கு ஒப்பீட்டு நிலை இல்லை. அவற்றின் பொருளே அதற்கு இடம் தராது.

வாக்கியத்தில் அடையாளம் காண்பது

‘இயுஸ்’ என்ற முடிவைக் கண்டவுடன் ஒப்பீட்டு வினையடை என்று முடிவு கட்டிவிட்டால் லத்தீன் பக்கமொன்றில் பாதிச் சொற்கள் ஒப்பீடாகத் தெரியத் தொடங்கும். ‘ஃபீலியுஸ்’ (மகன்), ‘க்லதியுஸ்’ (வாள்) ஆகியவை ஆண்பால் பெயர்ச்சொற்கள். ‘மெதியுஸ்’ (நடுவிலுள்ள), ‘நெகெஸ்ஸாரியுஸ்’ (தேவையான) ஆகியவை ஆண்பால் இயல்புநிலைப் பெயரடைகள். ‘எய்யுஸ்’ (அவனுடைய, அவளுடைய, அதனுடைய), ‘குய்யுஸ்’ (யாருடைய) ஆகியவை பிரதிப்பெயர்களின் ஆறாம் வேற்றுமை வடிவங்கள். ரோமானியக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவையும் இப்படித்தான் முடிகின்றன. எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும்: ‘ப்ளூஸ்’, ‘மினுஸ்’, ‘மகிஸ்’ மூன்றும் அந்த விகுதி இல்லாமலே ஒப்பீட்டு நிலையில் நிற்பவை.

எனவே முதலில் ‘இயுஸ்’ என்பதை நீக்கிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள். அது உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரடையின் பகுதியாக இருந்தால் மட்டுமே அடுத்த கேள்விக்குச் செல்ல வேண்டும். ‘ஃபொர்தியுஸ்’ என்பதில் எஞ்சும் ‘ஃபொர்த்’ பெயரடைப் பகுதி. ‘ஃபீலியுஸ்’ என்பதில் எஞ்சும் ‘ஃபீல்’ அப்படிப்பட்டதன்று.

இரண்டாவது கேள்வி கடினமானது: கையில் இருக்கும் வடிவம் ஒப்பீட்டு வினையடையா, நடுப்பால் ஒப்பீட்டுப் பெயரடையா? வடிவத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் வாக்கியமே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘அவிஸ் அல்தியுஸ் வொலத்’ என்ற வாக்கியத்தில் ‘அவிஸ்’ (பறவை) பெண்பால் சொல். நடுப்பாலோடு அது இயைய முடியாது. ஆகவே ‘அல்தியுஸ்’ பறத்தலைத் தழுவும் வினையடை: பறவை மேலும் உயரமாகப் பறக்கிறது. ‘தெம்ப்ளும் அல்தியுஸ் விதெயோ’ என்பதில் ‘தெம்ப்ளும்’ (கோயில்) நடுப்பால் ஒருமை. பார்ப்பதற்கு உயரம் பொருந்தாது. ஆகவே அது பெயரடை: மேலும் உயரமான கோயிலைப் பார்க்கிறேன். ‘மெலியுஸ் எஸ்த்’ என்று ‘எஸ்த்’ (இருக்கிறது) வினையோடு வந்தால் பெரும்பாலும் பெயரடைதான். ‘மேலானது’ என்று பொருள். ‘மெலியுஸ் கனித்’ என்று செயலைக் குறிக்கும் வினையோடு வந்தால் வினையடை. ‘மேலும் நன்றாகப் பாடுகிறான்’ என்று பொருள்.

அருகில் நடுப்பால் ஒருமைப் பெயர்ச்சொல்லும் செயலைக் குறிக்கும் வினையும் சேர்ந்து வந்தால் இலக்கணம் மட்டும் போதாது. ‘கர்மென் துல்கியுஸ் கனித்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கர்மென்’ (பாடல்) நடுப்பால். ‘மேலும் இனிமையான பாடலைப் பாடுகிறாள்’ என்றும் கொள்ளலாம். ‘பாடலை மேலும் இனிமையாகப் பாடுகிறாள்’ என்றும் கொள்ளலாம். முன்னால் ‘ஹொக்’ (இந்த) என்ற சுட்டு வந்தால் பாடல் எது என்பது முன்பே தீர்மானமாகிவிட்டதால், வினையடைப் பொருளே பொருந்தும். சுட்டு இல்லாவிட்டால் முன்பின் வாக்கியங்களைத்தான் பார்க்க வேண்டும். இத்தகைய இடங்களில் ஒரே ஒரு விடைதான் சரி என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை.

எதைவிட? ‘க்வம்’ என்ற சொல்லும் நீங்கல் வேற்றுமையும்

ஒப்பிடப்படும் பொருளைச் சொல்ல ‘க்வம்’ என்ற இணைப்புச்சொல் பயன்படுகிறது. ‘மார்குஸ் கெலெரியுஸ் குர்ரித் க்வம் லூகியுஸ்’: மார்குஸ் லூகியுஸைவிட வேகமாக ஓடுகிறான். (இறுதியில் நிற்கும் பெயரும் ‘இயுஸ்’ என்றே முடிவதைப் பார்த்து மயங்க வேண்டாம்.) ‘க்வம்’ தன் பின்னால் வரும் சொல்லின் வேற்றுமையை ஆள்வதில்லை, ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே வேற்றுமையில் நிற்க வேண்டும் என்பதே விதி. இதனால் தமிழில் இல்லாத ஒரு தெளிவு லத்தீனுக்குக் கிடைக்கிறது. ‘மார்குஸை நான் லூகியுஸைவிட அதிகமாக நேசிக்கிறேன்’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு: லூகியுஸை நேசிப்பதைவிட என்றும், லூகியுஸ் நேசிப்பதைவிட என்றும். லத்தீனில் ‘மார்கும் மகிஸ் அமோ க்வம் லூகியும்’ என்று இரண்டாம் வேற்றுமை வந்தால் முதல் பொருள். ‘க்வம் லூகியுஸ்’ என்று எழுவாய் வடிவம் வந்தால் இரண்டாம் பொருள். தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவர் எந்தப் பொருள் தமக்கு வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

‘க்வம்’ இல்லாமல், ஒப்பிடப்படும் பொருளை நீங்கல் வேற்றுமையில் வைப்பது மற்றொரு வழி. தமிழ் இலக்கணம் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. நம் ஐந்தாம் வேற்றுமைக்கும் நீங்கல் பொருளோடு ஒப்புப் பொருளும் உண்டு, ‘காக்கையிற் கரிது’ என்ற எடுத்துக்காட்டு அதையே காட்டுகிறது. லத்தீனில் இந்த முறை பெயரடைகளோடு மிகுதியாகவும் வினையடைகளோடு குறைவாகவும் வருகிறது. வினையடைகளோடு வரும் இடங்களில் பல, நிலைத்துவிட்ட தொடர்கள். ரோமானியக் கவிஞர் வெர்கிலியுஸ் தம் ‘ஐனேயிஸ்’ காப்பியத்தின் முதல் நூலில் பயன்படுத்திய ‘திக்தோ கிதியுஸ்’ அப்படிப்பட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சொன்னதைவிட விரைவாக’. நம் வழக்கில் ‘சொல்லி வாய் மூடுமுன்’. ‘ஒபீனியோனெ கெலெரியுஸ்’ (எதிர்பார்த்ததைவிட வேகமாக) என்பதும் இதே அமைப்பு. தொடக்கநிலையில் எழுதுபவர் ‘க்வம்’ என்பதையே கையாள்வது நல்லது.

எவ்வளவு வேறுபாடு என்பதைச் சொல்லவும் நீங்கல் வேற்றுமைதான். ‘முல்தோ கெலெரியுஸ்’ என்றால் வெகு வேகமாக, அதாவது வேறுபாடு பெரிது. ‘பௌலோ தர்தியுஸ்’ என்றால் சற்றே மெதுவாக. இங்கே ‘முல்தும்’ என்று எழுதத் தோன்றும். செவ்வியல் உரைநடையின் பொதுவழக்கு ‘முல்தோ’ தான். இதே வேற்றுமையில் ‘க்வோ’, ‘எயோ’ என்ற இரண்டும் இணையாக வந்தால் ‘எவ்வளவுக்கு எவ்வளவு, அவ்வளவுக்கு அவ்வளவு’ என்ற பொருள் கிடைக்கும்: ‘க்வோ ஸைபியுஸ் லெகோ, எயோ மெலியுஸ் இந்தெல்லெகோ’ என்பது, எவ்வளவுக்கு எவ்வளவு அடிக்கடி படிக்கிறேனோ அவ்வளவுக்கு அவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறேன் என்று பொருள்படும்.

எண்களோடு ‘ப்ளூஸ்’, ‘மினுஸ்’, ‘அம்ப்ளியுஸ்’ வரும்போது ‘க்வம்’ பெரும்பாலும் மறைந்துவிடும். எண்ணுடைய சொல் தன் வழக்கமான வேற்றுமையிலேயே நிற்கலாம், நீங்கல் வேற்றுமைக்கும் மாறலாம். காலியா நாட்டில் நடத்திய போர்களைப் பற்றிய குறிப்புகளின் நான்காம் நூலில் கைசர் (ஜூலியஸ் சீசர்) தம் வீரர்களைப் பற்றி ‘அம்ப்ளியுஸ் ஹோரீஸ் க்வத்துவொர் ஃபொர்திஸ்ஸிமே புக்னாவேருன்த்’ என்று எழுதுகிறார்: நான்கு மணிநேரத்துக்கும் மேலாக மிகத் துணிவோடு போரிட்டார்கள். ‘ஹோரீஸ்’ நீங்கல் வேற்றுமையில் இருக்கிறது. அதே வாக்கியத்தில் ஒப்பீட்டு வினையடை ஒன்றும் உச்சநிலை வினையடை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெவ்வேறு வேலை செய்வது கவனிக்கத்தக்கது.

ஒப்பிடப்படும் பொருளே இல்லாதபோது

‘க்வம்’ என்பதும் இல்லை, நீங்கல் வேற்றுமையும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனால் ஒப்பீட்டு வினையடை மட்டும் தனியே நிற்கிறது. ஒப்பிடப்படும் பொருளை முன்வாக்கியத்திலிருந்து வருவித்துக்கொள்ள முடிந்தால் சிக்கல் இல்லை. முடியாவிட்டால் அதற்கு ‘சற்றே அதிகமாக’ அல்லது ‘வேண்டிய அளவுக்கு மேல்’ என்று பொருள் கொள்ள வேண்டும். ‘தியூதியுஸ் மான்ஸித்’ என்றால், சூழலைப் பொறுத்து, ‘கொஞ்சம் நெடுநேரமாகவே தங்கினான்’ என்றோ ‘தங்க வேண்டிய நேரத்தைத் தாண்டித் தங்கினான்’ என்றோ ஆகும். ‘லீபெரியுஸ் லொக்வித்துர்’ என்றால் ‘சற்று மிகையான சுதந்திரத்தோடு பேசுகிறான்’. இவ்விடங்களில் ‘மேலும்’ என்று இயந்திரம்போல மொழிபெயர்த்தால் தமிழ் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

சில பெயரடைகளை நீங்களே மாற்றிப் பாருங்கள்: ‘லென்துஸ்’ (மெதுவான), ‘க்ரவிஸ்’ (கனமான, கடுமையான), ‘தீலிகேன்ஸ்’ (கவனமுள்ள, ஆறாம் வேற்றுமை ‘தீலிகென்திஸ்’), ‘ஐகெர்’ (நோயுற்ற, ஆறாம் வேற்றுமை ‘ஐக்ரீ’), ‘அத்ரோக்ஸ்’ (கொடூரமான, ஆறாம் வேற்றுமை ‘அத்ரோகிஸ்’), ‘துபியுஸ்’ (ஐயத்துக்குரிய). விடைகள் முறையே ‘லென்தியுஸ்’, ‘க்ரவியுஸ்’, ‘தீலிகென்தியுஸ்’, ‘ஐக்ரியுஸ்’, ‘அத்ரோகியுஸ்’ என வரும். கடைசிச் சொல்லின் பகுதி உயிரெழுத்தில் முடிவதால் அது மட்டும் ‘மகிஸ் துபியே’. நான்காவது சொல்லில் ‘ஐகெரியுஸ்’ என்று எழுதியிருந்தால் ‘எர்’ வகைச் சொற்களின் ஆறாம் வேற்றுமைகளை மறுபடியும் ஒருமுறை அகராதியில் பார்த்துவிட்டு வாருங்கள். ‘துபியுஸ்’ என்பதையே விடையாக எழுதியிருந்தால், அது ஆண்பால் இயல்புநிலைப் பெயரடை.